பின்கை சார் ஆயில் மாற்றினார்

என் தம்பி ஒரு கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் மேற்பார்வையாளராக இருந்தான். அதாவது, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிற்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வான். உலைக்கு முன்னால் வெந்துகொண்டிருந்த ஆட்கள் அவனுக்குப் ‘பின்கை’ என்று பெயர் வைத்தார்கள். நேரில் ‘பின்கை சார்’. அவன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்திலும் சொந்தப் பெயருக்குக் கீழே அதைப் பொறித்துக் கொடுத்தார்கள். அதைக் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டி வைத்திருக்கிறான்.

ஓய்வு பெற்ற பிறகு மேற்பார்வை பார்க்க ஆளில்லை. மனைவியை மேற்பார்வை பார்த்தான், அவள் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் தச்சர், குழாய் ரிப்பேர்காரர், எலெக்ட்ரீஷியன் எல்லோருக்கும் பின்னால் நின்று “ம்ம்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த “ம்ம்” எப்படிப்பட்டது என்றால், ஒரு எலெக்ட்ரீஷியன் பாதி வேலையில் ஏணியை மடித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது இந்தப் பகுதியில் இவன் போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. அதனால் இவனே செய்ய ஆரம்பித்தான். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டான். தலைகீழாகப் போட்டான். அன்றிலிருந்து எல்லோரும் சாவியைக் கவிழ்த்துத்தான் நுழைக்கிறோம். பூட்டு அப்படித்தான் இருக்க வேண்டும், மற்றவர்கள் வீட்டில்தான் தவறாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்பது அவன் கட்சி.

நான் அவனுக்கு நான்கு வயது மூத்தவள். நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி எடுத்து, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்து, இப்போது அவன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அவனுக்காக அல்ல, அவன் மனைவிக்காக. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்தால் ஈரத்துணி மாதிரி இருப்பாள். பஸ்ஸில் ஏற்ற முடியாது.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு முப்பது வருடம் தைத்தாள். அளவு என்றால் அளவுதான். கால் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டாள். நோய் வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நூறு மில்லி பிடிக்கிற சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். குடிக்கும் ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு கோடு. எட்டாவது கோடு விழுந்தால் முடிந்தது. வெயில் காலத்தில் மதியம் இரண்டு மணிக்கே ஏழு கோடு விழுந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். மீதி ஒன்றை வைத்துக்கொண்டு இரவு வரை உட்கார்ந்திருப்பாள். அதைப்பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

டாக்சி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. அதிகாலையில் கூப்பிட்டால் வருகிறேன் என்பார்கள், பத்து நிமிடம் கழித்து வர முடியாது என்பார்கள். டயாலிசிஸ் மையத்தில் கால் மணி நேரம் தாமதித்தால் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வெளியே வரிசை நிற்கிறது. இரண்டு முறை அப்படித் தவறியது. இரண்டாவது தடவை ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு என்று ஏற்கெனவே இரண்டு நாள் இடைவெளி. உடம்பில் சேர்ந்த நீர் நுரையீரலுக்குப் போய், அவள் உட்கார்ந்த நிலையில் மூச்சுக்கு அல்லாடி, ஆம்புலன்ஸில் போனோம். அதன் பிறகுதான் தம்பி கார் வாங்குவது என்று முடிவெடுத்தான். அவன் வாழ்க்கையில் எடுத்த உருப்படியான முடிவுகளில் அது ஒன்று. மற்றதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒன்பது வருடப் பழைய கார். விற்றவர் ஒரு பல் டாக்டர். அவர் வீட்டுக்குள்ளேயும் காலுறை போட்டிருந்தார் என்பதற்காகவே தம்பிக்கு அவரைப் பிடித்துவிட்டது. “ஒழுங்கான மனுஷன்க்கா, வண்டியும் ஒழுங்காத்தான் இருக்கும்” என்றான். கியர் தானாக மாறும் வண்டி. கிளட்சையும் கியரையும் ஒன்றாகக் கையாள இவனுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. மறுநாள் ஞாயிறு, ஆயிலை மாற்றப் போவதாக அறிவித்தான். பழைய வண்டி வாங்கினால் அதில் எப்போது ஆயில் மாற்றினார்கள் என்று தெரியாது, முதலில் அதை மாற்றிவிட வேண்டும் என்றான். அந்த அளவுக்குச் சரிதான். யார் மாற்றுவது என்பதில்தான் கோளாறு.

“தெருக்கோடி மெக்கானிக்கிட்ட குடுத்துடுடா” என்றேன்.

“அவனா? பழைய ஆயிலையே வடிகட்டித் திருப்பி ஊத்துவான்.”

“நீ பாத்தியா?”

“பாக்கணுமா? மூஞ்சியப் பாத்தா தெரியாது?”

அந்த மெக்கானிக்கின் முகத்தை இவன் பார்த்தே இரண்டு வருடமாயிற்று. ரிப்பேருக்கு வந்த வண்டிகளை நடைபாதையில் பாதி ஏற்றி நிறுத்துகிறார் என்று நகர அலுவலகத்துக்கு மூன்று பக்கத்தில் மனு எழுதியவன் இவன். அதில் நடைபாதையின் படம்கூட வரைந்திருந்தான். மெக்கானிக் வண்டிகளை நகர்த்தினார். அன்றிலிருந்து இவன் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவான்.

சாப்பிட்டு முடித்து மூன்று மணிக்கு ஆரம்பித்தான். தொழிற்சாலை நீலக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு கறை படாத கோட்டு அது. போனில் வீடியோ பார்த்துப் பதினோரு குறிப்புகளாக ஒரு தாளில் எழுதி, வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டினான். வீடியோவில் இருந்தது வேறு வண்டி, கையால் கியர் போடுகிற வண்டி என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டைப் பலகைகளைச் சரிவாக அடுக்கி முன்சக்கரங்களை அதன்மேல் ஏற்றினான். பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னேன். “தேவையில்லக்கா” என்றான். நானே இரண்டு கல்லைக் கொண்டுபோய் வைத்தேன். அடியில் ஆள் நசுங்கினால் தூக்குகிறவள் நான்தான்.

அவள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலை முக்காலியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அன்று கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து நெடுநேரம் நின்றது. மறுநாள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அந்தக் கால் சொல்லிக்கொண்டிருந்தது.

தம்பி மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். தலை போயிற்று, தோள் போயிற்று. வயிறு வந்ததும் நின்றது. கொஞ்ச நேரம் காலை உதைத்துப் பார்த்தான். பிறகு அங்கேயே கிடந்தபடி ஸ்பேனரைக் கேட்டான். காலைக் கழுவுவதற்கென்று அவளுக்கு நான் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை யாரையும் கேட்காமல் எடுத்து வந்திருந்தான். அதில்தான் ஆயில் இறங்கியது. அடுத்தது பில்ட்டர். அது எங்கே இருக்கிறது என்று அரை மணி நேரம் தேடிவிட்டு, “பில்ட்டர் நல்லாத்தான் இருக்கு” என்று வெளியே வந்தான். கண்ணால் பார்க்காத பொருளுக்கு நற்சான்றிதழ்.

போல்ட்டை இறுக்கிவிட்டு, மேலே இன்ஜின் மூடியைத் திறந்து நான்கு லிட்டர் புது ஆயிலையும் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினான். ஊற்றுவதில் குறையே சொல்ல முடியாது. பதினோரு குறிப்புகளுக்கும் டிக் அடித்துவிட்டு, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றான்.

“என்னங்க, எவ்வளவு வந்துச்சு?” என்று ஜன்னலிலிருந்து அவள் கேட்டாள்.

“எது?”

“வெளிய வந்தது.”

“எல்லாம் வந்துச்சு.”

“எல்லாம்னா எவ்வளவு?”

“இருந்ததெல்லாம். உனக்கு எதுக்கு அது?”

“உள்ள போனது நாலு. வெளிய வந்தது எவ்வளவுன்னு தெரிய வேண்டாமா?”

 நான் போய்த் தொட்டியில் இருந்ததை, காலியான ஆயில் கேனில் ஊற்றினேன். பக்கவாட்டில் அளவுக் கோடு போட்ட கேன். மூன்றரை வந்தது.

“மூணரைம்மா” என்றேன்.

“கலரு?”

அதற்கு அவன் முந்திக்கொண்டான். “சிவப்பு. மாதுளம்பழச் சாறு மாதிரி. பல் டாக்டர்னா சும்மாவா? எவ்வளவு சுத்தமா வெச்சிருந்திருக்கார் பாரு.”

“ஒம்பது வருஷ வண்டியில ஓடின ஆயில் எப்படிங்க சிவப்பா இருக்கும்? என் தையல் மெஷின்ல விடறது ரெண்டு மாசத்துல கறுத்துடும்.”

“தையல் மெஷினும் காரும் ஒண்ணாடி?”

“ரெண்டும் இரும்புதானே.”

“நீ பேசாம இரு. வண்டிய இறக்கிக் காட்டறேன்.”

“இருடா. எங்கேருந்து வந்ததுன்னு தெரியாம ஒண்ணு வெளிய வந்தா, முதல்ல நின்னு பாக்கணும்” என்று நான் சொன்னேன்.

“உங்க ஆஸ்பத்திரிச் சட்டமெல்லாம் ஆளுங்களுக்கு. இது வண்டி” என்றபடியே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான்.

இன்ஜின் ஓடியது. ஆனால் தண்ணீருக்குள் இருந்து ஓடுவது மாதிரி கனமாக ஓடியது. பின்னால் நீலப் புகை வந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கக் கியரைப் போட்டான். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. கல் தடுக்கிறது என்று நினைத்து ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்தான். கல்லின்மேல் சக்கரம் அழுத்தக்கூட இல்லை. சும்மா நின்றது. நான் வண்டி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன்.

“புது ஆயில் செட் ஆகணும்” என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு.

“அண்ணி, ஆயில் பாக்கற கம்பி ஒண்ணு இருக்கும். எடுத்துப் பாருங்க” என்றாள் அவள்.

எடுத்தேன். துடைத்துவிட்டு மறுபடி நுழைத்து எடுத்தேன். மேல் கோட்டுக்கு மூன்று விரல்கடை மேலே நின்றது. புதிதாக ஊற்றியது தேன் நிறம், இதுவோ கறுப்பு. அதாவது, பழைய இன்ஜின் ஆயில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அதன் தலைமேல் நான்கு லிட்டர் போய்ச் சேர்ந்திருக்கிறது. கம்பியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அவளுக்குக் காட்டினேன்.

“அப்ப வெளிய வந்த மூணரை எதுலேருந்து வந்துச்சு?” என்றாள்.

 முன்னால் போகவும் பின்னால் போகவும் மறுத்துவிட்ட வண்டி பலகைமேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“என்னங்க, நாளைக்கு ஆறரைக்கு நான் அங்க இருக்கணும்” என்றாள்.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். தம்பி போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். தொழிற்சாலை இரைச்சலில் அவனுக்கு ஒரு காது மந்தம். எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். கதவைச் சாத்தினால் ரகசியம் ஆகிவிடும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான். அவளும் நானும் கூடத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டோம்.

“ஹலோ, மெக்கானிக்கா? ஒரு சந்தேகம். என் ப்ரெண்டு ஒருத்தரோட வண்டி. ஆட்டோமேட்டிக் கியர். நகர மாட்டேங்குது.”

“யார் சார் பேசறது?”

“அது முக்கியமில்ல.”

“சரி சார். உங்க ப்ரெண்டு வண்டியில என்ன செஞ்சார்?”

“ஒண்ணும் செய்யல. சும்மா நின்ன வண்டி. தானா ஆயிடுச்சு.”

“தானா ஒண்ணும் ஆகாது சார். எங்கயாவது கை வெச்சாரா?”

“இல்லவே இல்ல. ஏதாவது லீக்கா இருக்கும்.”

“லீக்குன்னா கியர்பாக்ஸ இறக்கித்தான் பாக்கணும். செவ்வாய்க்கிழமை கொண்டு வரச் சொல்லுங்க. ரெண்டு நாள் ஆகும்.”

“ரெண்டு நாளா?”

“ஒண்ணும் செய்யாத வண்டிக்கு ரெண்டு நாள் சார். ஏதாவது செஞ்ச வண்டின்னா, என்ன செஞ்சார்னு சொன்னா, இன்னைக்கே முடிச்சாலும் முடிச்சுடலாம்.”

 குழாயிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது; அதுவும் இவன் ரிப்பேர் செய்த குழாய்தான்.

“கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டான்.

முதியோர் இல்லத்தில் கீழே விழுகிறவர்களால் எனக்குத் தொந்தரவு இருந்ததில்லை. விழுந்துவிட்டு “விழலையே” என்கிறவர்களால்தான். எங்கே அடி என்று சொல்ல மாட்டார்கள். நாம் தலையைப் பார்த்துக்கொண்டிருப்போம், இடுப்பு உடைந்திருக்கும். என் தம்பி ஆயுள் முழுவதும் அந்த ஜாதி. தொழிற்சாலையில் இவன் எழுதிய விபத்து அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். புட்டிகள் தாமாக உடைந்திருக்கும், வால்வுகள் தாமாகத் திறந்திருக்கும். ஒரு மனிதன்கூட அந்தப் பக்கம் போயிருக்க மாட்டான்.

வெளியே வந்தான். “செவ்வாய்க்கிழமைதான் முடியுமாம். நாளைக்கு டாக்சி சொல்லிடலாம்” என்றான்.

“டேய், நாங்க கேட்டோம்” என்றேன்.

“என்ன கேட்டீங்க?”

“உன் ப்ரெண்டு கதைய.”

“அவன்கிட்ட போய் நான் எப்படிக்கா சொல்றது? அவன் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். போன தடவை டாக்சி வராம இவ நீல நிறமாயிட்டா. அப்ப தெருவே வந்து பாத்துச்சு. அதவிடவா?”

அவன் கேடயத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டான். நான் இன்னும் நாலு வார்த்தை சொல்லத் தயாராக இருந்தேன். அதற்குள் அவள் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடிமேல் அடி வைத்து அவனிடம் போனாள். கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். கொடுக்காமல் என்ன செய்வான், கடைசியாகக் கூப்பிட்ட எண் மேலேயே இருந்தது.

“தம்பி, இப்ப பேசினது என் வீட்டுக்காரர். ப்ரெண்டு யாரும் இல்ல, வண்டி எங்களுது” என்று அவள் ஆரம்பித்தாள். “ஆயில் மாத்தறேன்னு அடியில ஒரு போல்ட்ட கழட்டினார். வந்தது மூணரை லிட்டர், சிவப்பு. இன்ஜின்ல நாலு லிட்டர் புதுசு ஊத்தினார். கம்பியில பழசும் அப்படியே இருக்கு, கறுப்பு. ஸ்டார்ட் பண்ணினார், புகை வந்துச்சு. ரிவர்ஸ் போட்டா போகல. அவ்வளவுதான்.”

 மெக்கானிக் கேட்டார்: “அம்மா, எனக்கு சீட் கவர் தெச்சுக் குடுத்தவங்கதானே நீங்க?”

“ஆமா.”

“எவ்வளவு நேரம் ஓடுச்சு இன்ஜின்?”

“ஒரு நிமிஷம் இருக்காது. அண்ணி நிறுத்திட்டாங்க.”

“தப்பிச்சுது. சார் கழட்டினது கியர்பாக்ஸ் ஆயில். வெளிய வந்தத யாரும் கொட்டிடலையே?”

“இல்ல, கேன்ல இருக்கு. சரியா மூணரை.”

“அந்த மூணரைதான் எனக்கு வேணும். எவ்வளவு வந்துச்சோ அவ்வளவுதான் திரும்பப் போகணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வண்டிப் புத்தகத்துல கியர்பாக்ஸ் ஆயில் என்ன வகைன்னு போட்டிருக்கும், படிங்க. மாத்தி ஊத்தினா பாக்ஸ் போயிடும்.”

புத்தகம் வண்டிக்குள் முன்பெட்டியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பல் டாக்டரும் படித்ததில்லை போல. கொண்டுவந்து கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னாள். அதே பக்கத்தில் படம் இருந்தது: இந்தப் போல்ட் இன்ஜினுக்கு, இந்தப் போல்ட் கியர்பாக்ஸுக்கு என்று அம்புக்குறி போட்டு. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “படம் தெளிவா இல்ல” என்றான்.

“என் மச்சான் கடையில இருக்கு. ஞாயித்துக்கிழமை மூடிட்டுத் தூங்கறான், எழுப்பிப் பாக்கறேன்” என்றார் மெக்கானிக். “ஒண்ணே ஒண்ணும்மா. நான் வர்றப்ப சார் வீட்டுல இருக்கட்டும். எந்தப் போல்ட்டக் கழட்டினார்னு அவரேதான் காட்டணும்.”

ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் வந்தார். முன்னால் இரண்டு விதமான ஆயில் கேன், ஒரு புது பில்ட்டர், வண்டியைத் தூக்கி நிறுத்தும் தாங்குகட்டை எல்லாம் இருந்தன. ஸ்கூட்டரை நடைபாதையில் ஏற்றாமல், ஓரத்துக்கு ஒரு சாண் விட்டு, பார்த்துப் பார்த்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு, “சரியா இருக்கா சார்?” என்று கேட்டார். தம்பி கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டான்.

வண்டியை நியூட்ரலில் போட்டுத் தள்ளி இறக்கினோம். தாங்குகட்டையில் நிறுத்தி மெக்கானிக் அடியில் போனார். அவருக்கு வயிறு இல்லை.

“சார், எந்தப் போல்ட்?”

“அதுதான்.”

“எதுதான்? இங்க ரெண்டு இருக்கு.”

“முன்னால இருக்கறது.”

“ஏன் சார் முன்னால இருக்கறத எடுத்தீங்க? இன்ஜினோட போல்ட் உள்ள தள்ளி இருக்கறதுல்ல.”

தம்பி தொண்டையைச் செருமினான். ஜன்னலிலிருந்து அவள் சொன்னாள்: “அதுக்கு மேல அவரால உள்ள போக முடியல தம்பி.”

 வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் காலணிகள் சிரிப்பில் ஆடின.

பழசும் புதுசும் கலந்து எட்டு லிட்டர் இன்ஜின் ஆயில் இறங்கியது. கலந்ததை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். தம்பி ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியதெல்லாம் கழிவுக் கேனுக்குப் போயிற்று. பில்ட்டரைக் காட்டி, “சார், நல்லா இருக்குன்னு சொன்னீங்களாமே. கழட்டுங்க பாக்கலாம்” என்று ஸ்பேனரை நீட்டினார். வேறு வழியில்லாமல் இவன் கழட்டினான். உள்ளே தேங்கியிருந்த கறுப்பு ஆயில் முழங்கை வரை வழிந்து நீலக் கோட்டின் கைக்குள் போயிற்று. பில்ட்டரைக் கவிழ்த்தால் தார் மாதிரி இறங்கியது.

“நானும் மாத்தணும்னுதான் நினைச்சேன்” என்றான்.

மெக்கானிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றும்போது கேனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டே ஊற்றினார். அவள் “இன்னும் கொஞ்சம், இன்னும், போதும்” என்றாள். அவர் புதிதாக ஊற்றிய கேனையும் நான் பிடித்து வைத்திருந்த பழைய கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் குறைந்ததும் மற்றதில் இருந்ததும் சரியாக இருந்தது.

ஸ்டார்ட் செய்தார். புகை கொஞ்சம் வந்து நின்றது. ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்தார். ரிவர்ஸ் போட்டதும் வண்டி ஒழுங்காகப் பின்னால் நகர்ந்தது. ஓட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்து, ஆறவிட்டு, மறுபடி கம்பியை எடுத்துப் பார்த்து, “நாளைக்குப் போலாம்மா” என்று என்னிடமோ தம்பியிடமோ சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

கையைத் துடைத்துக்கொண்டே தம்பியிடம், “சார், மனு எழுதறப்ப மூணு பக்கம் எழுதினீங்க. போன்ல ஒரு வரி வரமாட்டேங்குதே” என்றார்.

“அது பொது நன்மைக்கு எழுதினது” என்றான் என் தம்பி.

மறுநாள் ஐந்து ஐம்பதுக்குப் புறப்பட்டோம். ஆறு இருபதுக்கு அங்கே இருந்தோம். எடை பார்த்தார்கள். மூன்றரைக் கிலோ தண்ணீர் சேர்ந்திருந்தது. ஊசி போடும்போது டெக்னீஷியன் கேட்டார்: “நைட் படுக்கையில மூச்சு வாங்குச்சா?”

“கொஞ்சம். தலையணை மூணு வெச்சுக்கிட்டேன்.”

“இன்னைக்கு வராம விட்டிருந்தா, நாளைக்கு எமர்ஜென்சி வாசல் வழியாத்தான் வந்திருப்பீங்க” என்று சொல்லிக்கொண்டே மெஷினை ஓடவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கழற்றி எழுப்புகிற வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணிக்கு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தம்பியை வண்டி கொண்டுவர அனுப்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. வண்டியைக் காணோம். அவளை நிழலில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் இன்ஜின் மூடி திறந்திருந்தது. மற்ற நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் மூன்று பேர் சுற்றி நின்றார்கள். நடுவில் இவன்.

“இது இன்ஜின் ஆயில், அது கியர்பாக்ஸ் ஆயில். ரெண்டுக்கும் போல்ட் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். தெரியாத முட்டாள் எவனாவது மாத்திக் கழட்டிடுவான். அதனாலதான் நான் இதெல்லாம் பக்கத்துல நின்னு என் கண் முன்னால செய்ய வைக்கிறது.”

ஒருவர் போனில் குறித்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை அங்கேயே தள்ளிக்கொண்டு போனேன். அவள் களைத்துப்போய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“என்னங்க, அந்த முட்டாள் பேரையும் சொல்லிடுங்க. அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். குறித்துக்கொண்டிருந்தவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“மூடிட்டு வண்டிய எடுடா” என்றேன்.

மூடினான். எடுத்தான். அவள் ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிடம் தூங்கிவிட்டாள். இவன் வீடு வரும்வரை முன்னால் போன இரண்டு டிரைவர்களுக்குக் கண்ணாடியை இறக்கி ஓட்டக் கற்றுக்கொடுத்தான்.